படுக்கையோடு தூக்கி வரப்பட்டவன்

அன்புள்ள ஐயா,

என் கணவர் லோரி ஓட்டுநர். ஏழு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கம் செயலிழந்துவிட்டது. வீட்டு வாடகை பாக்கி நிற்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வருவதில்லை. "உனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் சுகம் தாமதிக்கிறது" என்று ஜெபக்குழுவில் ஓர் அக்கா சொன்னார். அன்றிலிருந்து சபையில் யார் விசாரித்தாலும் "நன்றாக இருக்கிறோம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். நாற்பது நாள் உபவாசம் இருக்கலாமா? வேறு சபைக்குப் போகலாமா? என்னால் கர்த்தரைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. அவரும் என்னை விட்டுவிட்டாரா?

ஒரு வாசகி, செந்தூல்

அன்புச் சகோதரி,

உபவாசம் வேண்டாம். படுத்திருப்பவரைப் புரட்டிவிடுகிறவருக்கு உடம்பில் வலு வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். சபை மாறுவதைப் பற்றி இந்த நிலையில் யோசிக்கவே வேண்டாம். கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அவர் உங்களை விடவில்லை. "ஒருவரும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை" என்று யோவான் 10ஆம் அதிகாரத்தில் மேய்ப்பர் சொல்லும்போது, ஆடு எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. பேதுரு மறுதலிக்கப் போகிறான் என்று தெரிந்தே, அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடி அவனுக்காக வேண்டிக்கொண்டதாக இயேசு அவனிடம் சொன்னார். அவன் விழுமுன்னரே அவனுக்கான ஜெபம் முடிந்திருந்தது.

உங்கள் கடிதத்தை உடனே கையிலெடுத்ததற்குக் காரணம் உண்டு. அண்மையில் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போய் வந்ததிலிருந்து இதே கேள்விதான் என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் வரிசை வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1942இலும் 1943இலும் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானிய ராணுவம் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட அந்தச் சயாம் மரண ரயில் பாதையில், நம் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு மாண்ட ஆயிரமாயிரம் தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் வரிசை கிடையாது. என் தாத்தா அவர்களில் ஒருவர்.

ஜப்பான்காரன் காலம் முடிந்து, போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது தாத்தா வரவில்லை. பாட்டி அதன் பிறகு ஆராதனையில் வாய் திறந்து பாடவே இல்லை. நான் சிறுவனாக அவரோடு பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ச் சபைக்குப் போன காலத்திலும் அப்படித்தான். ஆனால் ஒரு ஞாயிறும் அவர் போகாமல் இருந்ததில்லை. அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரே அம்மாள்தான் உட்காருவார். பழுப்புக் காகித அட்டை போட்ட பாமாலைப் புத்தகத்தைப் பாட்டியின் பக்கமாகச் சாய்த்து, பக்கம் புரண்டுவிடாதபடி கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இருவருக்கும் சேர்த்து அவர் ஒருவரே பாடுவார். பாட்டிக்கு எழுத்து தெரியாது என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும். "ஏன் பாடவில்லை?" என்று அவர் கேட்டதில்லை. விசுவாசத்தின் அளவை எடைபோட்டுச் சொல்லவும் இல்லை.

வீட்டில் பாட்டி என்னிடம் அடிக்கடி வாசிக்கச் சொல்வது 88ஆம் சங்கீதம். "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்னும் அதன் முதல் வரியைத் தாண்டினால் ஆறுதல் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியிலாவது துதிக்குத் திரும்பிவிடும். இது இருளிலேயே முடிந்துவிடுகிறது. ஆயினும் அதைத் தேவனுடைய ஜனங்கள் தங்கள் ஜெபங்களிலிருந்து நீக்கவில்லை. நம் சபைகளோ சாட்சி நேரம் என்று ஒன்றை வைத்து, கட்டி கரைந்தவர்களையும் கடன் அடைந்தவர்களையும் மட்டும் மேடையேற்றி, இன்னும் இருட்டில் நிற்பவர்கள் வாய் திறக்கக் கூசும்படி செய்துவிட்டன. உங்கள் ஜெபக்குழு அக்கா யோபுவின் கதையைக் கடைசி அதிகாரம் வரை வாசிக்க வேண்டும். கர்த்தர் அங்கே கோபங்கொள்வது, துன்பப்பட்டவனுக்கு வியாக்கியானம் சொல்ல வந்த நண்பர்கள்மேல்தான்.

மாற்கு 2ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பர்நகூமில் ஒரு திமிர்வாதக்காரனை, அதாவது உடல் செயலிழந்தவனை, நான்கு பேர் படுக்கையோடு சுமந்து வருகிறார்கள். கூட்டம் வழிவிடாததால் கூரையைப் பிரித்து அவனை இறக்குகிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு இயேசு அவனைப் பார்த்து "மகனே" என்கிறார். அந்த மனிதன் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவன் ஜெபித்தானா, நம்பினானா, அல்லது தன்னைத் தூக்கி வந்ததையே வெறுத்தானா என்று மாற்கு எழுதவில்லை. இயேசுவும் அவனை விசாரிக்கவில்லை. மறுபடியும் சொல்கிறேன்: அவன் நடந்தும் வரவில்லை, ஒரு வார்த்தை கேட்டும் வாங்கவில்லை, பிறர் தோளில்தான் வந்து சேர்ந்தான். கர்த்தர் நம்மைத் தாங்குகிறார் என்று நான் சொல்வது மேகத்திலிருந்து நீளும் ஒரு கையை அல்ல. பெரும்பாலும் அவர் பக்கத்து இருக்கைக்காரரின் கையைக் கொண்டே பிடித்துக்கொள்கிறார். பாட்டியை அவர் அத்தனை ஆண்டுகள் பிடித்து வைத்திருந்தது அந்த அம்மாளைக் கொண்டுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே உங்களைக் கடிந்துகொள்ளவும் வேண்டியிருக்கிறது, அம்மா. அந்தத் திமிர்வாதக்காரன் "நான் நன்றாக இருக்கிறேன், ஸ்தோத்திரம்" என்று சொல்லியிருந்தால் நான்கு பேரும் தங்கள் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். ஓர் அக்காவின் நாக்குக்குப் பயந்து, சபை முழுவதும் உங்களைத் தூக்கும் வாய்ப்பை நீங்கள் பறித்துவிட்டீர்கள். அதை விசுவாசம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள், அது வீம்பு. கஷ்டத்தைச் சபையிடம் மறைத்துவிட்டு, தேவன் கைவிட்டாரா என்று முகம் தெரியாத எனக்கு எழுதுவது என்ன நியாயம்?

உங்கள் கணவருக்காக முதலாளி சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவைக் கட்டியிருந்தால் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. மருத்துவ அறிக்கையை வைத்துக்கொண்டு விண்ணப்பப் பாரங்களை நிரப்பித் தரத் தெரிந்தவர் உங்கள் சபையிலேயே இருப்பார், கேட்டால்தான் முன்வருவார். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரைத் தனியே பார்த்து, வாடகை எத்தனை வெள்ளி பாக்கி என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஜெபம் வரவில்லை என்பதையும் சொல்லுங்கள். அவர் வீட்டுக்கு வந்து ஜெபிக்கும்போது உங்களுக்கு ஆமென் வராவிட்டால், அதையும் அவரே சொல்லிக்கொள்ளட்டும்.