பிரிந்த பிறகும் ஓடும் தவணை: நீலகிரி வாசகர்களின் கேள்வி-பதில்

கணவன் மனைவி பிரிந்த செய்தி ஊருக்கும் உறவுக்கும் ஒரே நாளில் போய்ச் சேரும். வங்கிக்கு அந்தச் செய்தி ஒரு பொருட்டே இல்லை. கடன் பத்திரத்தில் யார் கையெழுத்துப் போட்டது, தவணை வந்ததா என்று மட்டுமே அது பார்க்கும். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் சிக்கியவைதான்.

கோத்தகிரியில் தனியார் பள்ளி ஆசிரியை நான். சம்பளம் கைக்கு 32,000 ரூபாய். வீடும் வீட்டுக் கடனும் இருவர் பெயரில் உள்ளன. பாக்கி 18 லட்சம், வட்டி 9%, இன்னும் 15 வருடம், தவணை 18,257. கணவர் கோவைக்குப் போய்விட்டார்; இரண்டு மாதமாக அவர் தவணை கட்டவில்லை. என் பாதியை நான் கட்டினால் போதுமா? வீட்டை நானே வைத்துக்கொள்ள முடியுமா?

பாதி கட்டினால் போதாது. கூட்டுக் கடனில் பாதிப் பொறுப்பு என்று ஒன்று இல்லை. முழுத் தொகையையும் உங்களிடமே கேட்க வங்கிக்கு உரிமை உண்டு, அவரிடமும் கேட்கலாம்.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். கட்டாத தவணை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன் ஒரு முழுத் தவணை கட்டினாலும் அது பழைய பாக்கியில் கழிந்து, நாள் கணக்கு பின்னுக்குப் போகும். வாராக்கடன் ஆன பிறகு இந்த வழி அடைபடும். மொத்த நிலுவையையும் கட்டினால்தான் கணக்கு சீராகும். ஆகவே இந்த வாரமே ஒரு தவணையாவது கட்டுங்கள். பணத்தைக் கணவர் கையில் கொடுக்க வேண்டாம். உங்கள் கணக்கிலிருந்து நேரே கடன் கணக்குக்குப் போகட்டும். அவர் பங்கையும் சேர்த்து நீங்கள் கட்டியதைப் பின்னால் அவரிடம் திரும்பக் கேட்க அந்தப் பதிவுதான் சாட்சி.

அடுத்து கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கடன் கணக்கு அறிக்கை, இன்றைய தேதியில் கடனை முழுதாக முடிக்க ஆகும் தொகை, வங்கியிடம் உள்ள மூலப் பத்திரங்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். உங்கள் கைபேசி எண்ணையும் முகவரியையும் தனியாகப் பதியச் சொல்லுங்கள். பல கடன்களில் கணவரின் எண்தான் இருக்கும். நோட்டீஸ் அவருக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். வாராக்கடன் ஆனபின், அடமான வீட்டை வங்கி நீதிமன்றம் போகாமலே கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி வரும் நோட்டீஸில் 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதையும் தாண்டி வீட்டைக் கையகப்படுத்த வந்தால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நோட்டீஸே கைக்கு வராவிட்டால் இந்த நாட்களெல்லாம் தெரியாமலே ஓடிவிடும்.

இனி வீட்டை வைத்துக்கொள்ளும் கணக்கு. கைக்கு வரும் சம்பளத்தில் ஏறக்குறைய பாதிவரைதான் வங்கிகள் தவணைக்கு ஒத்துக்கொள்ளும். உங்களுக்கு அது 16,000. 9% வட்டியில் 15 வருடத்துக்கு அந்தத் தவணை தாங்குவது சுமார் 15.77 லட்சம், அதாவது 2.23 லட்சம் குறைகிறது. காலத்தை 20 வருடமாக நீட்டினால் தவணை 16,195-க்கு இறங்கும், ஆனால் மொத்த வட்டி சுமார் 6 லட்சம் கூடும். உங்கள் வயது இடம் கொடுக்குமா என்பதும் இருக்கிறது. முடிந்தால் அந்த இரண்டே கால் லட்சத்தை அசலில் கட்டி, காலத்தை நீட்டாமல் விடுங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனில் முன்கூட்டியே கட்டுவதற்குத் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

கணவரின் பங்கு அடுத்த கேள்வி. வீட்டு மதிப்பு 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால், கடன் போக மிச்சம் 22 லட்சம். பத்திரத்தில் சரிபாதி என்றால் அவருக்கு 11 லட்சம் வரும். அவ்வளவு ரொக்கம் உங்களிடம் இருக்காது. உங்களுக்கு வரவேண்டிய நிரந்தர ஜீவனாம்சம், அவர் பெயரில் அடகில் உங்கள் நகை இருந்தால் அதன் மதிப்பு, அவருக்காக நீங்கள் கட்டிய தவணைகள் எல்லாவற்றையும் இதில் கழித்துப் பேசுங்கள். பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் இந்தக் கணக்கு எண்ணோடு எழுதப்பட வேண்டும்.

பத்திரம் எழுதும் நேரம் மிக முக்கியம். விவாகரத்துத் தீர்ப்பு வருவதற்கு முன், சட்டப்படி நீங்கள் கணவன் மனைவியாக இருக்கும்போதே, அவர் தம் பங்கை விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுத்தால் அது குடும்பத்துக்குள் நடக்கும் பத்திரம். முத்திரைத் தீர்வை 1%, உச்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1%, உச்சம் 10,000. அவர் பங்கின் வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) 20 லட்சம் என்றால் மொத்தம் 30,000 ரூபாயில் முடியும். விவாகரத்து ஆனபின் அந்த உறவும் இல்லை, சலுகையும் இல்லை. அதே பங்கைக் கிரயமாக எழுதினால் 7% தீர்வை, 2% பதிவுக் கட்டணம் என 1,80,000 ரூபாய் ஆகும். தீர்ப்பு கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் இந்த வித்தியாசத்தைக் கட்டத்தான் வேண்டும்.

வரிசை மாறக் கூடாது. உங்கள் ஒருவர் பெயரில் கடனைத் தருவதாக வங்கி எழுத்தில் சொன்ன பிறகுதான், அதன் தடையில்லாக் கடிதத்தோடு சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். பழைய கடனிலிருந்து ஒருவர் பெயரை நீக்குவதைவிட, புதுக் கடன் கொடுத்துப் பழையதை அடைப்பதையே பல வங்கிகள் விரும்பும். அதற்கு மதிப்பீட்டாளர் மறுபடி வருவார். மலையில் வேலை நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான். சீசனுக்கு வாடகைக்கு விடலாம் என்று அனுமதி வாங்காமல் மேலே எழுப்பிய அறை வரைபடத்தில் இருக்காது. அதை மதிப்பில் சேர்க்க மாட்டார்கள்; சில சமயம் கடனே நின்றுவிடும். எல்லாம் முடிந்ததும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, பட்டாவையும் வீட்டு வரியையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வங்கி ஒத்துவராவிட்டால் விற்றுவிடுங்கள். சம்பளம் தாங்காத வீட்டுக்காக அப்பாவின் ஓய்வூதியத்தை இணைக் கடனாளியாக இழுத்துப் போடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. கணவர் உங்களை வெளியேற்றாமல் அது தடுக்கும், வங்கியைத் தடுக்காது.

ஊட்டி. விவாகரத்துத் தீர்ப்பிலேயே “வீட்டுக் கடனைக் கணவர் கட்ட வேண்டும்” என்று இருக்கிறது. ஆனாலும் வங்கியிலிருந்து எனக்குத்தான் போன் வருகிறது.

அந்த வழக்கில் வங்கி ஒரு தரப்பு இல்லை, அதனால் தீர்ப்பு அதைக் கட்டாது. ஆனால் அவரைக் கட்டும். அவர் கட்டத் தவறினால் அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். மனு நடக்கும் வரை கணக்கு 90 நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடுதான். அநியாயம் என்று தெரிந்தேதான் சொல்கிறோம்.

இனி மனு எழுதப்போகிறவர்களுக்கு: “கணவர் கட்டுவார்” என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். எந்தத் தேதிக்குள் கடன் ஒருவர் பெயருக்கு மாற வேண்டும், மாறாவிட்டால் எந்தத் தேதியில் வீடு விற்பனைக்கு வரும், இடையில் தவணை தவறினால் யார் எவ்வளவு ஈடு தருவது என்று மூன்றும் அதில் இருக்கட்டும்.

குன்னூர். என் நகை 11 பவுன், கணவர் பெயரில் அடகில் இருக்கிறது. அவர் மீட்கவும் மாட்டார், வட்டியும் கட்ட மாட்டார்.

நகை உங்களுடையது. சீதனம் மனைவியின் முழுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 2024-இலும் உறுதி செய்திருக்கிறது. ஆனால் அடகுக் கடைக்கோ வங்கிக்கோ, சீட்டில் பெயர் உள்ளவர்தான் வாடிக்கையாளர். வட்டியை யார் வேண்டுமானாலும் கட்டலாம். நகையை மட்டும் அவரிடம்தான் கொடுப்பார்கள். நீங்கள் முழுத் தொகையையும் கட்டி, அவர் வந்து நகையை வாங்கிக்கொண்டு போகும் ஆபத்து இருக்கிறது.

அடகுச் சீட்டைப் படம் எடுத்துத் தவணை முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏலத்தைத் தள்ளிவைக்க வட்டியை மட்டும் வங்கி வழியாகக் கட்டி, ரசீது வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் புகைப்படங்களையும் நகைக்கடை பில்லையும் எடுத்துக்கொண்டு மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் சீதனத்தைத் திருப்பித் தரச் சொல்லி நீதித்துறை நடுவர் உத்தரவிட முடியும். உத்தரவு வந்ததும் அதன் நகலைக் கடன் கொடுத்த கிளையில் கொடுங்கள். அவர் ஒத்துழைத்தால் இவ்வளவும் வேண்டாம்: இருவரும் ஒரே நாளில் கிளைக்குப் போங்கள், நீங்கள் பணம் கட்டுங்கள், அவர் கையெழுத்துப் போடட்டும், நகை கவுன்ட்டரிலேயே உங்கள் கைக்கு வரட்டும்.

கூடலூர். பட்டா இல்லாத ஜன்ம நிலத்தில் வீடு கட்டினோம். வங்கி வீட்டுக் கடன் கிடைக்காததால் என் பெயரில் 6 லட்சம் தனிநபர் கடன் எடுத்தேன்; 14%, 5 வருடம், தவணை 13,961. இப்போது மனைவியும் குழந்தைகளும் அங்கே இருக்கிறார்கள், நான் வாடகையில். வீட்டை விற்றுக் கடனை அடைக்கலாமா?

பழைய ஜன்மிகளிடம் (ஜமீன்தார் போன்ற நில உடைமையாளர்களிடம்) இருந்த நிலம் பற்றிய 1969-ஆம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், உரிமை முடிவாகாமல் நிற்கும் நிலமாக இருந்தால் விற்க உங்களிடம் உரிமை ஆவணம் இல்லை. வெள்ளைத் தாளில் எழுதிக் கைமாற்றினால், வாங்கியவரோடு நாளை இன்னொரு வழக்கு வரும். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கடன் முழுதும் உங்களுடையது. மனைவி கையெழுத்துப் போடவில்லை என்றால் அவரிடம் வங்கி கேட்காது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் வகுத்தது. அதில் இந்தக் கடனைச் சேர்த்து, பணம் செங்கல், சிமென்ட், ஓட்டுக்குப் போனதற்கான பில்லையும் வங்கி அறிக்கையையும் இணையுங்கள். குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்காக வாங்கிய கடன் என்று காட்டினால் உங்கள் வாதத்துக்கு எடை கூடும். தவணையைக் காட்டிக் குழந்தைகளின் செலவைக் கைவிட மட்டும் முடியாது, கைவிடவும் கூடாது.

மஞ்சூர். மனைவி தாய்வீடு போய்விட்டார். அவர் எடுத்த நுண்கடனுக்குக் குழுப் பெண்கள் என் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். என் டிராக்டர் கடன் தவணையோ 5-ஆம் தேதி. தேயிலைக் கொழுந்துப் பணம் அதற்குப் பிறகுதான் வரும். ஒவ்வொரு மாதமும் தவணை திரும்பி அபராதம் விழுகிறது.

நுண்கடன் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இணைக் கடனாளி அல்லது ஜாமீன்தார் இடத்தில் உங்கள் கையெழுத்து இருந்தால் பொறுப்பு உண்டு. வாரிசு நியமனத்தில் மட்டும் இருந்தால் இல்லை. நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. குறித்த இடத்துக்குக் கடன் வாங்கியவர் அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராதபோதுதான் ஊழியர் வீட்டுக்கே வரலாம். மீறினால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். 14448-இல் விவரம் சொல்வார்கள். குழுப் பெண்களிடம் கோபப்படாதீர்கள், அவர்களும் கூட்டுப் பொறுப்பில் மாட்டிக்கொண்டவர்கள்தான்.

டிராக்டர் தவணைக்குக் கொழுந்துப் பணம் வரும் தேதிக்கு இரண்டு மூன்று நாள் பின்னால் தேதி மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள். புதிய தானியங்கிப் பற்று ஆணையில் கையெழுத்து வாங்குவார்கள். பனி மாதங்களில் கொழுந்து வரத்து குறையும். ஆகவே வரத்து நன்றாக உள்ள மாதங்களில் இரண்டு தவணைப் பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள்.

ஊட்டி. நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் பெயரில் கடன் எடுத்த ஸ்கூட்டரை அவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

உடனே வண்டியைத் திரும்ப வாங்குங்கள். அது விபத்தில் சிக்கினால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ள உங்கள் மீதுதான் இழப்பீட்டு வழக்கு வரும். அவரே வைத்துக்கொள்வதானால் கடனை முடித்து, படிவம் 35-இல் அடமானத்தை நீக்கி, படிவம் 29, 30-இல் பெயர் மாற்றட்டும். வாய்ப்பேச்சு உடன்பாடு வேண்டாம்.

குன்னூர். கூட்டுக் கடனை அடைத்து வருடம் ஆகிறது. சிபில் கடன் வரலாற்று அறிக்கையில் இன்னும் பாக்கி என்று காட்டுகிறது. பத்திரமும் வரவில்லை.

கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்கள் திரும்ப வர வேண்டும். தாமதம் வங்கியின் தவறு என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு, 1.12.2023 முதல் இது நடைமுறை. சிபில் தளத்தில் தகராறுப் படிவம் போட்டு, கடன் முடிந்த கடிதத்தை இணையுங்கள். 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு கேட்கலாம். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். இருவரும் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். அதில் “முடிந்தது” என்று இருக்க வேண்டும். “சமரசம்” என்று இருந்தால், குறைத்துக் கட்டித் தீர்த்ததாகப் பொருள். அந்தக் குறிப்பு இருவர் அறிக்கையிலும் ஏறும்.