ஆனோடு, கேத்தோடு, அயனி: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகள்

பிளஸ் டூ மாணவி, தேவகோட்டை: ஐயா, கரைசலில் மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பில் ஆனோடு பிளஸ். துத்தநாகமும் தாமிரமும் வைத்து மின்சாரம் தரும் டேனியல் மின்கலத்தில் அதே ஆனோடு மைனஸ். எதை நம்புவது?

இரண்டுமே சரிதான் அம்மா. ‘ஆனோடு என்றால் நேர்மின்வாய்’ என்று மனப்பாடம் செய்ததில்தான் சிக்கல். மூலப்பெயரில் பிளஸ், மைனஸே கிடையாது. 1834இல் ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே தன் சோதனைகளை விவரிக்கப் பெயர்கள் வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் இருந்த அறிஞர் வில்லியம் ஹியூவெலுக்கு எழுதினார். மின்னோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே, சூரியன் போகும் திசையில் ஓடுவதாக ஃபாரடே வைத்துக்கொண்டார். கிரேக்கத்தில் ‘அனா’ மேலே, ‘கட்டா’ கீழே, ‘ஹோடோஸ்’ வழி. ஆக, சூரியன் ஏறும் பக்கம் ஆனோடு, இறங்கும் பக்கம் கேத்தோடு. மின்னோட்டம் கரைசலுக்குள் நுழையும் வாய் ஆனோடு, வெளியேறும் வாய் கேத்தோடு, அவ்வளவுதான். மின்னாற்பகுப்பில் அது பிளஸ் பக்கம் நுழைகிறது; டேனியல் கலத்தில் மைனஸ் பக்கமான துத்தநாகத் தகடு வழியாக நுழைகிறது. பரீட்சைக்கு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆக்சிஜனேற்றம், அதாவது எலக்ட்ரான் இழப்பு, எங்கே நடக்கிறதோ அது ஆனோடு.

கவரிங் பட்டறைக்காரர், காரைக்குடி: முலாம் போட நகையை மைனஸில் மாட்டுகிறோம். அது எது?

கேத்தோடு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கானாடுகாத்தான்: அயனி தமிழ்ச் சொல்லா?

கிரேக்கம் ஐயா. மின்னேற்றம் கொண்ட அணு அல்லது அணுக்கூட்டத்துக்கு வைத்த பெயர். கிரேக்கத்தில் ‘இயோன்’ (ஆங்கிலத்தில் ‘அயான்’) என்றால் ‘போவது’. அதுவும் ஹியூவெல் கொடுத்ததுதான். வேடிக்கை என்னவென்றால், உத்தராயணத்தில் வரும் ‘அயனம்’ என்ற வடசொல்லும் ‘போதல்’தான், இரண்டுக்கும் மூலவேர் ஒன்றே. மின்சாரம் பாய்ந்தால்தான் அயனிகள் பிரியும் என்றே ஃபாரடே காலத்தில் நினைத்தார்கள். உப்பு நீரில் கரைந்தாலே அயனிகள் பிரிந்துவிடும் என்ற கருத்துக்கு வழிவகுத்தது 1884இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அரீனியஸ் கொடுத்த ஆய்வேடு. உப்சாலா பல்கலைக்கழகம் அதற்குக் குறைந்த மதிப்பெண்தான் போட்டது. 1903இல் அதே மனிதருக்கு நோபல் பரிசு!

இல்லத்தரசி, பள்ளத்தூர்: இன்வெர்ட்டர் பேட்டரியில் ஆனோடு எது?

கரண்ட் போய் ஃபேன் ஓடும்போது மைனஸ் பக்கத்து ஈயத் தகடு. சார்ஜ் ஏறும்போது பிளஸ் பக்கம். மேலே போட்டிருக்கும் குறி மாறாது ஆச்சி. ஆனோடுதான் இடம் மாறும்.

கல்லூரி மாணவர், காரைக்குடி: மின்வேதியியலுக்கென்று ஒரு தேசிய ஆய்வகம் நம் ஊருக்கு எப்படி வந்தது?

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, பொங்கலை ஒட்டி, டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்பது அதன் பெயர்; நாம் சிக்ரி (CECRI) என்று சொல்வது அதைத்தான்.