தமிழ்ப் புத்தாண்டு சித்திரையிலா, தையிலா? இதில் ஏன் இவ்வளவு உணர்ச்சி?

தேதி மாறினால் வீட்டுப் பழக்கமும் மாற வேண்டுமா என்ற கேள்வி வந்துவிடுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

2008-ல் தி.மு.க. அரசு தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் கொண்டுவந்தது. 2011-ல் அ.தி.மு.க. அரசு அதை நீக்கிச் சித்திரைக்கே திருப்பியது. தை என்பவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சித்திரைப் புத்தாண்டோடு மாறிவரும், பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டுப் பெயர்களும் வடமொழி. 60 முடிந்தால் மறுபடி பிரபவ, அதனால் தொடர்ச்சியாக ஆண்டுகளை எண்ண வழியில்லை. ஆங்கில ஆண்டோடு 31 கூட்டினால் வரும் திருவள்ளுவர் ஆண்டில் அந்தச் சிக்கல் இல்லை. எனக்கும் அந்தக் கணக்கு பிடிக்கும்.

ஆனால் சட்டம் இருந்த காலத்திலும் பல வீடுகளில் சித்திரை முதல் நாள் காலையில் கனி பார்த்தார்கள், மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்த்துப் பச்சடி செய்தார்கள். கோயிலில் பஞ்சாங்கம் வாசித்தார்கள். இலங்கைத் தமிழர்களுக்கோ மூலிகைகள் காய்ச்சிய மருத்துநீர் வைத்துக் குளிப்பதும், பெரியவர்கள் கையால் கைவிசேஷமாகக் காசு வாங்குவதும் சித்திரையோடுதான். பாட்டி கையால் வாங்கிய காசை அரசாணை பார்த்து யாரும் தைக்கு மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், தைக்குப் பொங்கல் இருக்கிறது. புத்தாண்டு என்ற பெயர் இல்லாமலே அது எல்லோரும் கொண்டாடும் பெரிய நாள். இரண்டையும் மனதாரக் கொண்டாடும் வீடுகள் நிறைய உண்டு, எங்கள் வீடும் அப்படித்தான்.