இரும்பு ஏன் காந்தமாகிறது? வந்த கேள்விகளும் என் பதில்களும்

இரும்பின் காந்தத்துக்குக் காரணம் குவாண்டம் இயற்பியல், அதாவது அணு அளவில் செல்லும் விதிகள், என்று சொன்னதற்கு வந்த கேள்விகள் இவை.

எலக்ட்ரான் சுற்றுவதால் காந்தம் வருகிறது என்று பிளஸ் டூவில் படித்தேன். இதில் குவாண்டம் எங்கே வந்தது?

மின்னூட்டம் சுற்றினால் காந்தப்புலம் வரும், உண்மைதான். ஆனால் நியூட்டன், மேக்ஸ்வெல் விதிகளை மட்டும் வைத்து ஒரு பொருளின் சமநிலைக் காந்தத்தைக் கணக்குப் போட்டால் விடை பூஜ்ஜியம். நீல்ஸ் போர் 1911இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதைக் காட்டினார். ஹெண்ட்ரிகா வான் லியூவென் பிறகு தனியாக அதே முடிவுக்கு வந்தார். ஆக, குவாண்டம் இல்லாமல் காந்தம் இல்லை. இரும்பின் காந்தத்தில் பெரும்பங்கு எலக்ட்ரானின் ஸ்பின்னிலிருந்து வருவது. ஸ்பின் என்பது எலக்ட்ரானுக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு குவாண்டம் பண்பு, அதுவே அதை ஒரு குட்டிக் காந்தமாக்குகிறது. சுற்றுப்பாதையின் பங்கு வெறும் கொசுறு.

சரி, ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துக் காந்தம் இழுப்பதால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நிற்கின்றன. அவ்வளவுதானே?

அதுதான் இல்லை. பக்கத்துப் பக்கத்து அணுக்களின் காந்த இழுப்பு மிகச் சொற்பம். சுமார் 1 கெல்வின் வெப்பமே அந்த வரிசையைக் கலைத்துவிடும். இரும்போ 1043 கெல்வின், அதாவது 770 டிகிரி செல்சியஸ் வரை தாக்குப்பிடிக்கிறது. கணக்கு ஆயிரம் மடங்கு இடிக்கிறது.

அணுக்களை வரிசைப்படுத்த உள்ளே ஒரு பெரிய புலம் இருப்பதாக 1907இல் பியர் வெய்ஸ் வைத்துக்கொண்டார். அது எங்கிருந்து வருகிறது என்று 1928இல் ஹைசன்பர்க் சொன்னார்: எலக்ட்ரான்களுக்கு இடையிலுள்ள மின் விலக்கிலிருந்து.

பவுலி விதிப்படி, ஒரே ஸ்பின் கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது. விலகியே நிற்பதால் அவற்றின் விலக்கு ஆற்றல் குறைகிறது. ஸ்பின் எதிரெதிராக இருந்தால் அந்தத் தடை இல்லை. நெருங்கிவிடும், விலக்கு ஆற்றலும் கூடும். ஆக, ஸ்பின் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து மின் ஆற்றல் மாறுகிறது. இதற்குப் பெயர் பரிமாற்ற இடைவினை. காந்த விசைக்கு இதில் வேலையே இல்லை! பாடப்புத்தகம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

அப்படியானால் செம்பும் காந்தமாக வேண்டுமே?

ஸ்பின்களை ஒரே பக்கம் திருப்பினால் சில எலக்ட்ரான்கள் மேல் ஆற்றல் நிலைகளுக்கு ஏறியாக வேண்டும், கீழே இடம் நிரம்பியிருப்பதால். இரும்பு, கோபால்ட், நிக்கலில் 3டி பட்டை (3டி எலக்ட்ரான்களுக்கான ஆற்றல் நிலைகளின் தொகுப்பு) குறுகலானது, ஏறும் செலவு குறைவு. விலக்கு ஆற்றல் குறைவதால் வரும் லாபம் அதை மிஞ்சிவிடுகிறது. செம்பில் 3டி நிரம்பிவிட்டது. மிச்சமுள்ள பட்டை அகலமானது, செலவு கட்டுப்படியாகாது.

எவர்சில்வரில் இரும்புதானே அதிகம்? காந்தம் ஏன் ஒட்டுவதில்லை?

304 என்ற எவர்சில்வர் ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல் சேர்வதால் அணுக்களின் அடுக்கு மாறிப்போகிறது. அந்த அடுக்கில் இரும்பின் ஸ்பின்கள் ஒரே பக்கம் நிற்பதில்லை. ஆனால் தகட்டை அழுத்தி வளைத்த மூலையில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், லேசாக ஒட்டலாம். அங்கே அடுக்கு மறுபடி மாறியிருக்கும்.

நியோடிமியம் காந்தம் சூடுபட்டால் ஏன் வலுவிழக்கிறது?

அதிலும் காந்தத்தின் பெரும்பங்கு இரும்புடையதுதான். ஸ்பின்கள் பார்க்கும் திசையைப் படிகத்தோடு பூட்டி வைப்பது நியோடிமியத்தின் வேலை. சூடு ஏற ஏற அந்தப் பூட்டு தளர்கிறது. 310 டிகிரி வாக்கில்தான் காந்த ஒழுங்கு முழுதாகக் கலையும். ஆனால் சாதாரண ரகங்கள் 80 டிகிரியைத் தாண்டினாலே வலுவை நிரந்தரமாக இழக்கத் தொடங்கலாம்.