மிளகு விலை நிற்கிறது, மாத்திரை நிற்கவில்லை

கேள்வி: என் மாமனார் குமுளியில் மிளகு வியாபாரம் செய்தவர். நாற்பது வருடத்துக்கு முந்தைய விலையைக் காசு சுத்தமாகச் சொல்கிறார். காலையில் மாத்திரை போட்டாரா என்றால் விழிக்கிறார். நடிக்கிறாரோ?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: நடிப்பில்லை, தாயே. புதிய நினைவு பதிய மூளைக்குள் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி வேண்டும். நாள்பட்ட நினைவுகள் மூளையின் மேலடுக்கான புறணியில் வேர்விட்டுவிடும். 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக அந்தப் பகுதியின் பெரும்பங்கை அகற்றினார்கள். சிறுவயதுச் சங்கதிகள் நினைவில் நின்றன. சற்றுமுன் பேசியவர் யார் என்பது நிற்கவில்லை.

மிளகு விலை லாபநட்டத்தோடு வந்தது. மாத்திரையோ தினமும் அதே டம்ளர், அதே திண்ணை. நேற்றும் இன்றும் ஒட்டிக்கொள்கின்றன. நானே கம்பமெட்டுச் சாலையில் பாதி மலை ஏறியபிறகு, வீட்டைப் பூட்டினேனா என்று பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறேன். (பூட்டித்தான் இருந்தது. அரைநாள் போயிற்று.)

மாத்திரை விழுங்கியதும் தினசரிக் காலண்டரில் தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள். பழகிய தெருவிலேயே வழி தடுமாறினால் தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.