மச்சினன் கடை டயரும் தண்டல் பணமும்: கோத்தகிரி வாசகர் கேள்விக்கு பதில்

கேள்வி: வணக்கம் சார். கோத்தகிரி பக்கத்துல இருந்து எழுதறேன், வயசு 36. சொந்தமா ஒரு பொலீரோ பிக்கப்பும் ஒரு டிசையர் டாக்ஸியும் இருக்குது. பிக்கப்ல கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் ஏத்திட்டு வாரத்துல 6 நாள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு போயிட்டு வர்றேன், டாக்ஸிய டிரைவர் ஓட்டறாரு. போன வருஷம் மட்டும் 13 டயர் மாத்திட்டேன், பிக்கப்புக்கு 8, காருக்கு 5. எல்லாமே மேட்டுப்பாளையத்துல என் மச்சினன் கடையில தான், வீட்டுக்காரம்மாவோட தம்பி. பிக்கப் டயர் 8,500, கார் டயர் 5,800, கணக்குல எழுதிக்குவாரு, பில் குடுக்கறதில்ல. பாக்கி ஏறிப்போயி ஒன்றரை மாசம் முன்னாடி கேட்டாரு, 40,000 தண்டல் வாங்கி (கைக்கு வந்தது 36,000) அவருக்கு கட்டினேன். தினம் 400 கட்டறேன், 40 நாள் முடிஞ்சுது. இன்னும் அவருக்கு 22,000 பாக்கி நிக்குது. இப்ப டாக்ஸிக்கு முன்னாடி ரெண்டும் மொட்டை ஆயிருச்சு, பிக்கப்புக்கும் சீக்கிரம் மாத்தணும். கணக்குல எடுத்துக்கங்க மாமாங்கறாரு மச்சினன். ஆன்லைன்ல வட்டியில்லாத தவணை, நோ காஸ்ட் இ.எம்.ஐ.ன்னு வேற சொல்றாங்க. நியாயமான விலைக்கு டயர் எங்க வாங்கறதுன்னு சொல்லுங்க. போட்டோ அனுப்பியிருக்கேன்.

பதில்: தம்பி, வண்டி ஓட்டற உங்களுக்கு ரேடியல், நைலான், ட்யூப்லெஸ்ங்கற டயர் வகையெல்லாம் நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். கடை எங்கன்னு கண்டிப்பா சொல்றேன், ஆனா கணக்குல வாங்கற பழக்கத்த நிறுத்தாம எந்த கடைக்கு போனாலும் உங்களுக்கு நியாய விலை கிடைக்காது. பாக்கி வச்சிருக்கறவனுக்கு விலை கேக்க வாய் வராது. 8,500ன்னு அவர் சொன்னா சரின்னு தலையாட்டிட்டு மாட்டிட்டு வர்றீங்க, வேற கடையில கேட்டுப் பாக்கற எண்ணமே வர்றதில்ல, ஏன்னா அங்க ரொக்கம் வேணும், ரொக்கம் உங்க கையில இல்ல.

நீங்க எழுதின சைஸ தெரிஞ்ச டீலர்ங்ககிட்ட சொல்லி ரொக்க விலை விசாரிச்சேன். பில்லோட, மாட்டி பேலன்ஸ் பண்ணி பிக்கப் டயர் 7,400 பக்கம் வருது, கார் டயர் 4,600 பக்கம். அப்ப உங்க 8 பிக்கப் டயர்ல ஒண்ணுக்கு 1,100 வீதம் 8,800 போச்சு, 5 கார் டயர்ல 1,200 வீதம் 6,000 போச்சு, ஏறக்குறைய 15,000. இன்னொன்னு பாருங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து புது டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்துல இருந்து 18க்கு வந்துருச்சு. 28 சதவீதம் சேந்து 8,500க்கு வித்த டயர், வேற எதுவும் மாறலேன்னா 7,840 பக்கத்துக்கு இறங்கியிருக்கணும், 660 ரூபா கம்மி. உங்க மச்சினன் கடையில விலை இறங்கவே இல்லேன்னு நீங்களே கடிதத்துல இன்னொரு எடத்துல எழுதியிருக்கீங்க. பில் இல்லாதப்ப எந்த வரி, எந்த விலைன்னு நீங்க எத வச்சு கேப்பீங்க?

அடுத்தது தண்டல். கைக்கு 36,000 வாங்கி 100 நாள்ல 40,000 கட்டறீங்க. 4,000 தானேன்னு தோணும், ஆனா 36,000 உங்ககிட்ட 100 நாளும் இருக்கறதில்ல, முதல் நாள்ல இருந்தே திருப்பிக் குடுத்துட்டு வர்றீங்க, சராசரியா பாத்தா பாதி பணம் தான் கையில இருக்கு. அத வச்சு கணக்கு போட்டா வருஷ வட்டி 75, 80 சதவீதத்துக்கு வந்து நிக்குது. இதையே வருஷத்துக்கு மூணு தடவ சுத்தினீங்கன்னா 12,000.

மூணாவது தான் எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். நீங்க அனுப்பின போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன். டயர் பக்கவாட்டுல டாட் (DOT)னு ஆரம்பிக்கற எழுத்து வரிசை முடியற எடத்துல நீள்வட்டத்துக்குள்ள 4 நம்பர் இருக்கும், உங்க பிக்கப் டயர்ல 3120ன்னு இருக்குது. முதல் ரெண்டு நம்பர் வாரம், அடுத்த ரெண்டு வருஷம், அதாவது 2020ல 31வது வாரம் தயாரானது. போன வருஷம் புதுசுன்னு சொல்லி உங்களுக்கு மாட்டினப்பவே அதுக்கு 5 வயசு ஆகப்போகுது. பட்டன் (ரோட்டுல படற ரப்பர் கட்டிங்க) எல்லாம் ஆழமா, பளபளன்னு தான் இருந்திருக்கும், ஆனா ரப்பர் இறுகிப்போனா மழையில பிடிமானம் குறையும், பக்கவாட்டுல மயிரிழை மாதிரி வெடிப்பு விடும், அந்த போட்டோவுலயே ஒரு எடத்துல அது தெரியுது. வேற யாரும் ரொக்கத்துக்கு எடுக்காத பழைய ஸ்டாக்க கணக்குல வாங்கற ஆளுக்கு தள்ளி விட்டிருக்காங்க. மச்சினன் வேணும்னே செஞ்சாருன்னு நான் சொல்ல வரல, அவருக்கும் ஸ்டாக் நிக்குது, உங்க பாக்கியும் நிக்குது, கடைக்காரர் அப்படித்தான் சரிக்கட்டுவாரு.

வாரம் 6 நாள், போய் வர 70 கிலோமீட்டர்னா பிக்கப் வருஷத்துக்கு 21,000, 22,000 கிலோமீட்டர் தான் ஓடுது. மலைய எறங்கி ஏறற வண்டின்னாலும் வருஷத்துக்கு ஒரு செட்டுக்கு மேல கேக்கக் கூடாது. நீங்க ரெண்டு செட் மாத்தியிருக்கீங்க. ஒரு 4 டயர் அதிகம்னு வச்சாலும் இன்னொரு 30,000 ரூபா. விலை வித்தியாசம், தண்டல், இது மூணையும் கூட்டுங்க, 57,000 வருது. டயருக்கு நீங்க குடுத்ததே 97,000 தான்.

(அதே போட்டோவுல டயரோட ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு மட்டும் நல்லா இருக்கு பாருங்க, அது காத்து கம்மியா ஓட்டினதுக்கும் அளவுக்கு மீறி பாரம் ஏத்தினதுக்கும் அடையாளம். லோடு ஏத்தற எடத்துல இன்னும் ஏத்துன்னு சொன்னா ஏத்திடறீங்கன்னு நினைக்கறேன். ஆர்.சி. புக்குல போட்டிருக்கற எடைக்கு மேல ஏத்தற ஒவ்வொரு மூட்டைக்கும் வாடகை வருதா, இல்ல தெரிஞ்சவங்கன்னு சும்மா போகுதான்னு ஒரு வாரம் எழுதி வச்சு பாருங்க. காத்து காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் குளுந்து இருக்கறப்ப பாக்கணும், மேட்டுப்பாளையம் எறங்கி சூடானதுக்கு அப்புறம் பாத்தா அளவு ஏறித்தான் காட்டும். நைட்ரஜன் அடிங்க, டயர் நிக்கும்னு காசு கேட்டா வேண்டாம், சாதா காத்து வாரம் ஒருக்க பாத்தா போதும்.)

இப்ப எங்க வாங்கறது. உங்களுக்கு கோயம்புத்தூர் தான் சரியான எடம், மேட்டுப்பாளையம் ரோட்டுலயே கம்பெனி டீலர்ங்க இருக்காங்க. கிளம்பறதுக்கு முன்னாடி மூணு கடைக்கு போன் பண்ணுங்க. டயர் என்ன விலைன்னு மொட்டையா கேக்காதீங்க, சைஸ், ப்ளை ரேட்டிங் (டயர் எவ்வளவு பாரம் தாங்கும்ங்கற அளவு), பேட்டர்ன் (பட்டன் அமைப்பு) சொல்லி, வால்வு, ஃபிட்டிங், பேலன்சிங், ஜி.எஸ்.டி. எல்லாம் சேத்து நாலு டயருக்கு மொத்தமா நான் என்ன குடுக்கணும், பழைய டயருக்கு என்ன கழிப்பீங்க, எந்த வருஷத்து டயர்னு கேளுங்க. ஆறு மாசத்துக்குள்ள தயாரானது வேணும், ஒரு வருஷம் தாண்டினது வேண்டாம்னு முன்னாடியே சொல்லிருங்க. இதெல்லாம் கேட்டாலே விலை தெரிஞ்ச ஆள்னு புரிஞ்சுக்குவாங்க.

மேட்டுப்பாளையத்துல லோடு எறக்கிட்டு கோயம்புத்தூர் போய் வர எழுபத்தஞ்சு கிலோமீட்டர், 600 ரூபா டீசல்னு வைங்க. ஒரு டயர் வாங்க அது பெருசா கட்டாது, நாலு டயர் வாங்கினா 4,000க்கு மேல மிச்சமாகுது, தாராளமா கட்டும். ஒண்ணு ஒண்ணா வாங்கறதுல இன்னொரு கெடுதலும் இருக்கு, ஒரே ஆக்ஸில்ல ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் தேஞ்சதுன்னா பிரேக் அடிக்கறப்ப வண்டி ஒரு பக்கமா இழுக்கும், கொண்டை ஊசி வளைவுல அது விளையாட்டில்ல. குறைஞ்சது ஜோடியா வாங்குங்க.

காருக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கு. புது கார் எடுத்த உடனே அலாய் வீல், அகல டயர்னு மாத்தறவங்க கழட்டிப் போட்ட டயர் பெரிய கடைகள்ல கிடக்கும், சில நூறு கிலோமீட்டர் கூட ஓடியிருக்காது. சைஸ் சரியா இருந்து, நாலும் ஒரே தேதியா இருந்து, உள்பக்கம் பேட்ச் எதுவும் இல்லேன்னா தைரியமா எடுக்கலாம், விலை நல்லாவே குறையும். ஆனா விபத்துல மாட்டின வண்டியில இருந்து கழட்டினது, பட்டன் வெட்டி ஆழம் காட்டினது இதுக்கெல்லாம் கிட்டயே போகாதீங்க. ரீட்ரேட், அதாவது தேஞ்ச டயர் மேல புது ரப்பர் ஒட்டினது, பெரிய லாரிக்கு பின்னாடி போடறது தப்பில்ல, அரசு பஸ்ஸே ஓடுது, உங்க பிக்கப்புக்கு முன்னாடி மட்டும் எந்த காரணத்துக்கும் வேண்டாம்.

ஆன்லைன் விலைய பேரம் பேச வச்சுக்கங்க. அந்த நோ காஸ்ட் இ.எம்.ஐ. மேல எனக்கு நம்பிக்கை இல்ல. ரொக்கத்துக்கு கிடைக்கற தள்ளுபடிய எடுத்துட்டு அதையே வட்டின்னு பேங்க்குக்கு குடுக்கறாங்க, அதுக்கு மேல பிராசசிங் ஃபீஸ், வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உங்க தலையில. தண்டலுக்கு இது எவ்வளவோ பரவாயில்ல, ஆனா அடுத்த வருஷத்து டயரையும் இதே மாதிரி கடன்லயே வாங்க வைக்கும், நான் நிறுத்தச் சொல்றதே அதைத்தான். டயர் பணத்த எஸ்.ஐ.பி.ல, அதாவது மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல போடுன்னு யாராவது சொன்னாலும் கேக்காதீங்க, பத்து மாசத்துல எடுக்க வேண்டிய பணத்துக்கு ஷேர் மார்க்கெட்டுல வேலை இல்ல.

தண்டல முன்கூட்டியே முடிச்சா வட்டி மிச்சம்னு நகைய வச்சு கட்டிராதீங்க. வட்டிய முதல்லயே பிடிச்சுட்டாங்க, இன்னைக்கே மொத்தமா 24,000 கட்டினாலும் தண்டல்காரரா பாத்து கழிச்சாத்தான் உண்டு. கேட்டுப் பாருங்க, கழிக்கலேன்னா மீதி 60 நாளும் அப்படியே கட்டி முடிங்க. முடியற அன்னைக்கு புதுசு போடட்டுமான்னு கேப்பாரு, கண்டிப்பா கேப்பாரு, அங்க தான் நீங்க வேண்டாம்னு சொல்லணும். அடுத்த நாள்ல இருந்து அதே 400 ரூபாய தினம் எடுத்து வைங்க, 55 நாள்ல மச்சினன் பாக்கி 22,000 முடிஞ்சுரும்.

அதுக்கப்புறம் அடுத்த டயருக்குன்னு பிக்கப்புக்கு டிரிப்புக்கு 100 ரூபா, டாக்ஸிக்கு ஓடற கிலோமீட்டருக்கு 50 பைசா எடுத்து வைங்க. வருஷம் 300 டிரிப்புன்னா 30,000, நாலு டயர் ரொக்கமா வந்துருது. டாக்ஸி 36,000 கிலோமீட்டர் ஓடினா 18,000, அதுவும் ஒரு செட்டுக்கு கிட்டத்தட்ட சரியா போகும். வீட்டுச் செலவு கணக்குல இத கலக்காம வீட்டுக்காரம்மா பேர்ல ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட், ஏ.டி.எம். கார்டு வேண்டாம்.

மச்சினன் மனசு கோணுமேன்னு பயம் இருக்கும், நியாயம் தான், கல்யாணம் காட்சின்னு அந்த வீட்டுக்கு போய் வரணும். அவர ஒதுக்கச் சொல்லல. "தம்பி, இனிமேல் எனக்கு கணக்கு வேண்டாம், ரொக்கம், பில்லோட, இந்த வருஷத்து டயர், நாலுக்கும் சேத்து கோயம்புத்தூர்ல இந்த விலை சொல்றாங்க, உனக்கு முடியுமா?"ன்னு முதல்ல அவர்கிட்டயே கேளுங்க. முடிஞ்சா அங்கயே வாங்குங்க, டீசலும் மிச்சம். பில் மட்டும் விடாதீங்க, தயாரிப்புக் கோளாறுன்னு டயர் வீங்கினாலோ பிரிஞ்சாலோ கம்பெனி முதல்ல கேக்கறது அதைத்தான். பேச்ச வீட்டுக்காரம்மா எடுத்தா இன்னும் நல்லது, அக்கா கேட்டா அவர் தப்பா எடுத்துக்க மாட்டாரு.

டாக்ஸி மொட்டை டயர் மட்டும் எந்த கணக்குக்கும் காத்திருக்க முடியாது. பட்டன் இடுக்குல சின்னதா மேடு தெரியும், 1.6 மில்லிமீட்டர் அளவு அது, ரப்பர் அதுக்கு சமமா வந்துட்டா ஓட்டக் கூடாது. உங்க போட்டோவுல அதையும் தாண்டியாச்சு. இதுக்கு மட்டும் ஒரு சின்ன நகைய கூட்டுறவு சங்கத்துலயோ பேங்க்லயோ வச்சு 10,000 எடுங்க, வருஷத்துக்கு பத்து சதவீதம்னே வைங்க, 100 நாளைக்கு 275 ரூபா வட்டி. அதே பணத்துக்கு தண்டல்காரர் ஆயிரத்த முதல்லயே பிடிச்சுட்டு 9,000 தான் கையில குடுப்பாரு. ரெண்டு புது டயர் வாங்கி பின்னாடி போடுங்க, இப்ப பின்னாடி இருக்கற பாதி தேஞ்சது ரெண்டையும் முன்னாடி கொண்டு வாங்க. புதுச முன்னாடி போடறது தான் நம்ம ஊர் வழக்கம், மெக்கானிக்கும் அப்படித்தான் சொல்லுவாரு, ஆனா ஈர ரோட்டு வளைவுல பின் சக்கரம் பிடிய விட்டா வண்டி சுத்திரும், ஸ்டியரிங்ல எதுவும் செய்ய முடியாது. கோத்தகிரி பக்கம் ஐப்பசி மழை எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். சக்கரம் நேரா நிக்குதான்னு பாக்கற அலைன்மெண்டையும் அன்னைக்கே பாத்துருங்க, மாட்டின தேதியும் கிலோமீட்டரும் ஒரு நோட்டுல எழுதி வண்டி டேஷ்போர்டுலயே வைங்க, டிரைவர் கிட்டயும் சொல்லி வைங்க.