‘அ ப்ரெய்ரி ஹோம் கம்பேனியன்’ வானொலி நிகழ்ச்சியை இப்போது கேட்டாலும் ரசிக்க முடியுமா?
முடியும், ஆனால் பாட்டுக்காகக் கேளுங்கள். 1974 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில், ஒரு கல்லூரி அரங்கில் எழுத்தாளர் கேரிசன் கீலர் இதைத் தொடங்கியபோது வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். நாஷ்வில் நகரின் ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி பற்றிக் கட்டுரை எழுதப் போனவருக்கு அதே மாதிரி ஒன்று நடத்தும் ஆசை பிடித்துக்கொண்டது.

நேரலையாக நடந்தது என்பதால் பிடில், பாஞ்சோ, மாண்டலின் கலைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி வாசிப்பார்கள். அந்தச் சின்னத் தடுமாற்றமும் உடனடிக் கைதட்டலும் ஸ்டூடியோப் பதிவில் கிடைக்காது. நடுவே கற்பனை பிஸ்கட்டுக்கு விளம்பரம் வேறு! லேக் வோபெகான் என்ற இல்லாத ஊரைப் பற்றிக் கீலர் சொல்லும் கதை மெதுவாகத்தான் நகரும், அப்புறம் பழகிவிடும். 2016-இல் மாண்டலின் கலைஞர் கிறிஸ் தீலி தொகுப்பாளராகப் பொறுப்பேற்றதும் அந்தக் கதை நின்றது.